புரட்ட வருகிறவரும் தேடி வருகிறவரும்

(சேத்தியாத்தோப்பில் வாசகர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், நூலகத்தில் புத்தகங்களை எப்படி அடுக்குவது என்பது. இதற்கு ஒரு கூட்டமா, இதற்கு ஒரு சொற்பொழிவா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கட்டடம் வேண்டும், புத்தகம் வேண்டும், பணம் வேண்டும் என்று பேசினால் எல்லோருக்கும் புரியும். அடுக்குவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது, நண்பர்களே. பத்தாயிரம் புத்தகம் உள்ள நூலகத்தில் உங்களுக்கு வேண்டிய ஒன்று எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியாவிட்டால், அந்தப் புத்தகம் இருந்தும் இல்லாததுதான். நம் வரிப்பணத்தில் வாங்கிய புத்தகத்தை நம் கண்ணெதிரிலேயே தொலைத்துவிட்டு நிற்கிறோம்.

மாலை ஐந்து மணிக்கு நூலக வாசலில் நின்று பாருங்கள். ஒருவர் வருகிறார். ஷிஃப்ட் முடிந்து வருகிறார். என்ன புத்தகம் வேண்டும் என்று அவருக்கே தெரியாது. அலமாரி அலமாரியாக நடப்பார். ஒன்றை எடுப்பார், அட்டையைப் பார்ப்பார், நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நாலு வரி படிப்பார், வைப்பார், அடுத்ததை எடுப்பார். இவர் புரட்ட வருகிறவர். அவருக்குப் பின்னாலேயே ஒரு கல்லூரி மாணவி வருகிறாள். அவள் நேராக நூலகரிடம் போகிறாள். "ஐயா, வெள்ளாற்று அணைக்கட்டைப் பற்றி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? எந்தப் பக்கம்?" என்று கேட்கிறாள். இவள் தேடி வருகிறவள்.

முதலாமவரை நுனிப்புல் மேய்கிறவர் என்று ஏளனமாகப் பேசும் வழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்றைக்குப் புரட்டுகிறவர்தான் நாளைக்குத் தேடுகிறவராக மாறுகிறார். தேடி வந்த அந்த மாணவியும், தனக்கு வேண்டியதை எடுத்த பிறகு, அதற்குப் பக்கத்தில் நிற்கிற புத்தகத்தைப் பார்க்காமல் நகர மாட்டாள். இரண்டு பேரும் நூலகத்தின் சொந்தக்காரர்கள். இரண்டு பேருக்கும் ஒரே வசதி போதுமா? போதாது. இதுதான் இன்று நான் சொல்ல வந்தது: அலமாரியைப் புரட்ட வருகிறவருக்காக அடுக்குங்கள்; நூற்பட்டியலைத் தேடி வருகிறவருக்காக எழுதுங்கள். ஒரு புத்தகம் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். பட்டியலிலோ அதே புத்தகத்தைப் பத்து இடத்தில் எழுதி வைக்கலாம்.

இது மேல்நாட்டிலிருந்து வந்த சிந்தனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கிருந்து தெற்கே, வீராணம் ஏரியைத் தாண்டிப் போனால் காட்டுமன்னார்கோவில். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்து வகுத்த நாதமுனிகளின் ஊர். அதற்குப் பக்கத்தில் திருநாரையூர். சைவத் திருமுறைகளைத் தொகுத்து வகுத்த நம்பியாண்டார் நம்பியின் ஊர். தமிழின் இரண்டு பெரிய பக்தித் தொகுப்புகளை அடுக்கித் தந்த இரண்டு பேரும் ஒரே வட்டாரத்துக்காரர்கள்! வேறு எந்த ஊருக்கு இந்தப் பெருமை உண்டு?

தேவாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேவாரப் பதிப்புகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று பண்முறை. ஒரே பண்ணில் அமைந்த பதிகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வரும். பாடுகிற ஓதுவாருக்கு அது வசதி. மற்றொன்று தலமுறை. ஒரு கோயிலுக்குரிய பதிகங்கள், சம்பந்தர் பாடியதானாலும் சரி, அப்பர் பாடியதானாலும் சரி, சுந்தரர் பாடியதானாலும் சரி, ஒரே இடத்தில் வரும். யாத்திரை போகிற அடியாருக்கு அது வசதி. பாட்டு அதேதான். ஓர் எழுத்துகூட மாறவில்லை. வருகிற ஆள் மாறினார், அடுக்கும் மாறியது. ஓதுவாரைப் பார்த்து "தல வரிசையில் தேடிக்கொள்ளுங்கள்" என்று நம் முன்னோர் சொல்லவில்லை. யாத்திரை போகிறவரைப் பார்த்து "பண் தெரியாதவனுக்குப் பதிகம் எதற்கு?" என்றும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் இரண்டு வழி செய்து கொடுத்தார்கள்.

இன்னும் பின்னால் போவோம். அகநானூறு. நானூறு பாட்டு. ஒற்றைப்படை எண் என்றால் அது பாலைத்திணை. இரண்டிலோ எட்டிலோ முடிகிற எண் குறிஞ்சி. நான்கில் முடிந்தால் முல்லை. ஆறில் முடிந்தால் மருதம். பத்து, இருபது, முப்பது என்று வந்தால் நெய்தல். 236-ஆம் பாட்டு என்று சொன்னால் போதும், ஏட்டைப் பிரிக்காமலே "மருதம்" என்று சொல்லிவிடலாம். எண்ணைப் பார்த்தே பொருளைச் சொல்லும் ஏற்பாடு! நூலகர்கள் இன்று புத்தகத்தின் முதுகில் சீட்டு ஒட்டி எழுதுகிறார்களே வகைப்பாட்டு எண், அதன் வேலையும் இதுதான்.

பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகளைப் பாருங்கள். திவாகரம் பன்னிரண்டு தொகுதி. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பொருள் வாரியாக அடுக்கியிருக்கிறார்கள். மரப் பெயர்த் தொகுதியைத் திறந்தால் எல்லா மரமும் வரிசையாக நிற்கும். உலாவிப் பார்க்க அது நல்ல தோப்பு. ஆனால் ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்றே தெரியாதவன் அந்தச் சொல்லை எந்தத் தொகுதியில் போய்த் தேடுவான்? இந்தச் சிக்கலுக்கு வழி காண முனைந்தவர் நம் சிதம்பரத்துக்காரர், இரேவண சித்தர். 1594-இல் அகராதி நிகண்டு செய்தார். சொற்களை முதல் எழுத்தின் வரிசையில் வைத்தார். பிறகு 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் ஒரே நூலுக்கு நான்கு வாசல் வைத்தார்: பெயர், பொருள், தொகை, தொடை. ஒரு வீட்டுக்கு எத்தனை வாசல் வைத்தால் எத்தனை பேர் சிரமமில்லாமல் உள்ளே வரலாம் என்று கணக்குப் போட்ட அறிஞர்கள் இவர்கள்.

இந்த மரபில் வந்தவர்தான் நான் அடுத்துச் சொல்லப் போகிறவர். கொள்ளிடத்துக்கு அக்கரையில் சீர்காழி. ஞானசம்பந்தர் பிறந்த அதே சீர்காழியில் 1892-இல் பிறந்தார் சீ. இரா. அரங்கநாதன். கணக்கு வாத்தியார். சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். பயிற்சிக்காக லண்டன் போனார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். துளை போட்ட சின்னச் சின்ன இரும்புப் பட்டைகள், திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு தடவை வண்டி வருகிறது, இன்னொரு தடவை பாலம் வருகிறது. பார்த்துக்கொண்டே நின்ற கணக்கு வாத்தியாருக்குப் பொறி தட்டியது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் ஏற்கெனவே அச்சடித்துத் தயாராக இருக்க வேண்டியதில்லை. சின்னச் சின்ன எண்களை வைத்துக்கொண்டு, வருகிற புத்தகத்துக்கு ஏற்றபடி பூட்டிக்கொள்ளலாம். 1933-இல் வெளிவந்தது அவருடைய கோலன் வகைப்பாடு.

அதில் ஒரே ஒரு மூலையை மட்டும் உங்களுக்குக் காட்டுகிறேன். இலக்கியத்துக்கு 'ஓ' என்ற ஆங்கில எழுத்து. தமிழுக்கு 31. கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2, புனைகதைக்கு 3. சரி, ஆசிரியருக்கு? அவர் பிறந்த ஆண்டு! ஆயிரத்து எண்ணூறுகளில் பிறந்தவருக்கு 'எம்', ஆயிரத்துத் தொள்ளாயிரங்களில் பிறந்தவருக்கு 'என்'. நம் மாவட்டத்து மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், எம்23. 1882-இல் பிறந்த பாரதியார், எம்82. 1891-இல் பிறந்த பாரதிதாசன், எம்91. கவிதை அலமாரியின் முன்னால் நின்று இடமிருந்து வலமாக நடந்தாலே போதும், தமிழ்க் கவிதை வளர்ந்த கதை தெரிந்துவிடும்.

புனைகதை அலமாரிக்கு வாருங்கள். 1899-இல் பிறந்த கல்கி, எம்99. அவரைத் தாண்டிச் சற்று நகர்ந்தால் 1906-இல் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன், என்06. அவரை ஒட்டி, சிதம்பரத்தில் வாழ்ந்த மௌனி, 1907, என்07. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன், என்34. கல்கியைத் தேடி வந்த ஒருவர் கை தவறிப் புதுமைப்பித்தனை எடுத்துவிட்டால், அந்த வாசகரின் வாழ்க்கையே திசை மாறலாம்! நல்ல அடுக்கு இப்படித்தான் வேலை செய்யும். வாசகரிடம் ஒரு வார்த்தை பேசாமலே அவரை அடுத்த புத்தகத்துக்கு அழைத்துப் போகும்.

அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளை நூலகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நூல்கள் பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக. நூலகம் வளரும் உயிர். இரண்டாவதையும் மூன்றாவதையும் கவனியுங்கள். வாசகருக்கு நூல் என்பது தேடி வருகிறவருக்கான விதி. நூலுக்கு வாசகர் என்பது புரட்ட வருகிறவருக்கான விதி. யாருமே கேட்காத புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார். அவர் கண்ணில் அது படும்படி வைப்பது நூலகத்தின் கடமை என்று ஒரு விதியே எழுதியிருக்கிறார்!

அலமாரி எப்படி அமைய வேண்டும் என்பதற்கும் அவர் ஒரு படம் வரைந்து காட்டினார். வாசகர் தேடும் பொருள் நடுவில் இருக்க வேண்டும். அதை ஒட்டி இரண்டு பக்கமும் அதற்கு மிக நெருங்கியவை. அவற்றுக்கு அப்பால் கொஞ்சம் தள்ளிய உறவு. அதற்கும் அப்பால் தொடர்பில்லாதவை. கரும்புச் சாகுபடி நடுவில் என்றால், ஒரு பக்கம் நெல், மறுபக்கம் பருத்தி, அப்புறம் உரம், மண், பாசனம். கால் தானாக நடக்கும், கண் தானாகப் பார்க்கும்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். நம்முடைய வீராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தின் பல பொது நூலகங்கள் பின்பற்றுவது 1876-இல் அமெரிக்கர் மெல்வில் டூயி வெளியிட்ட தசம வகைப்பாடு. அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டே போவது. அந்த முறையில் அடுக்கிய நூலகத்துக்குள் போய் வீராணத்தைத் தேடுவோம். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு நாளில் வீராணத்துக் கரை வழியாகக் குதிரையில் வருகிறானே, அந்தப் 'பொன்னியின் செல்வன்' எங்கே? தமிழ்ப் புனைகதையில், 894.8113. முதலாம் பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரால் ஏரிக்குப் பெயர் வந்த வரலாறு? தமிழ்நாட்டு வரலாற்றில், 954.82. கரை, மதகு, கலிங்கு, அணைக்கட்டு? நீர்ப் பொறியியலில், 627. 2004 முதல் இந்தச் சேத்தியாத்தோப்பிலிருந்து குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிநீர் போகிறதே, அது? குடிநீர் வழங்கலில், 628. ஏரித் தண்ணீரில் விளையும் நெல்லும் கரும்பும்? வேளாண்மையில், 633. கரையோரத்து நாதமுனிகள்? சமயத்தில், 294.5. ஏரிக்கு வருகிற பறவைகள்? 598.

ஒரே ஏரி. நம் வீட்டு வாசலில் இருக்கிற ஏரி. நூலகத்துக்குள் போனால் ஏழு மூலையில் சிதறிக் கிடக்கிறது! இது டூயி செய்த பிழையா? இல்லை. எந்த முறையில் அடுக்கினாலும் ஏதாவது ஒன்று சிதறத்தான் செய்யும். பறவைகளை ஒன்று சேர்த்தால் ஏரி சிதறும். ஏரியை ஒன்று சேர்த்தால் பறவைகள் சிதறும். டூயிக்கே இது தெரியும். அதனால்தான் முதல் பதிப்பிலேயே, சிதறியவற்றை எல்லாம் ஒரு சொல்லின் கீழ் கூட்டிக் காட்டும் அகரவரிசைச் சுட்டியைச் சேர்த்தார். வகைப்பாட்டை எடுத்துக்கொண்டு அந்தச் சுட்டியை விட்டுவிட்ட நூலகங்கள் பாதி வேலையைத்தான் செய்திருக்கின்றன.

விருத்தாசலத்துப் பீங்கானுக்கும் இதே கதைதான். பீங்கான் செய்கிற களிமண், நிலவியலில் 553. சூளையும் தொழில்நுட்பமும் 666. பீங்கான் பொம்மை, சித்திரச் சாடி என்றால் கலையில் 738. தொழிற்பேட்டையின் பொருளாதாரம் 338. மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நெய்வேலிச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணை அகற்றும்போது களிமண்ணும் கிடைக்கிறதல்லவா? அது சுரங்கவியல், 622. சூளைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பையன், தன் அப்பா செய்கிற தொழிலைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று வந்தால், நாம் அவனை ஐந்து அலமாரிக்கு அலைய விடுகிறோம். அலைந்தாலாவது பரவாயில்லை. ஐந்து அலமாரி உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. ஒன்றைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதான் போலிருக்கிறது" என்று திரும்பிப் போய்விடுவான். அவன் மறுபடி வருவானா?

அப்படியானால் என்ன செய்வது? அலமாரியைக் கலைக்க வேண்டாம். பொருள் வாரியான அடுக்கு அப்படியே இருக்கட்டும். பட்டியலை விரிவாக்குங்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் குறைந்தது மூன்று தலைப்பில் எழுதுங்கள்: ஆள், ஊர், பொருள். பாசனம் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தில் பன்னிரண்டாவது அத்தியாயம் மட்டும் வீராணத்தைப் பற்றியது என்றால், அந்த அத்தியாயத்துக்கும் "வீராணம்" என்ற தலைப்பில் தனியாக ஒரு பதிவு போடுங்கள், பக்க எண்ணோடு. ஆராய வருகிறவருக்கு இந்த ஒரு வரி ஒரு வாரத்து உழைப்பை மிச்சம் பிடித்துக் கொடுக்கும். அரங்கநாதன் 1934-இல் பட்டியல் எழுதுவதற்கென்றே ஒரு தனி விதிநூல் எழுதியது வேறு வேலை இல்லாமலா?

புரட்ட வருகிறவருக்கும் ஒரு வழி இருக்கிறது, செலவே இல்லாத வழி. புத்தகத்தின் அளவுக்கு ஒரு கெட்டி அட்டையை வெட்டி அலமாரியில் புத்தகத்தோடு புத்தகமாகச் செருகி வைக்க வேண்டும். பீங்கான் கலை வரிசையில் நிற்கிற அந்த அட்டையில், "சூளை, தொழில்நுட்பம் பற்றிய நூல்கள் 666-இல், எதிர் அலமாரி, மூன்றாம் தட்டு" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். ஓர் அட்டை, ஒரு பேனா. இதற்கு எந்த அலுவலகத்தின் அனுமதி வேண்டும்?

பட்டியல் என்றதும் கணினி வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்பீர்கள். கணினி நல்லதுதான். ஆனால் நாம் எதை எழுதி வைக்கிறோமோ அதைத்தான் அது காட்டும். நான் ஒரு நூலகத்தில் பார்த்தேன். தமிழ்ப் புத்தகங்களின் பெயரை எல்லாம் ஆங்கில எழுத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். 'ழ' வருகிற இடத்தில் ஒருவர் ஒரு விதமாக, அடுத்தவர் வேறு விதமாக அடித்திருந்தார்கள். ஒரு சிறுமி தமிழில் "புதுமைப்பித்தன்" என்று தட்டினாள். "இல்லை" என்று வந்தது. அவளுக்குப் பின்னால் நாலு அடி தூரத்தில் புதுமைப்பித்தன் கதைகள் முழுத் தொகுதியும் நின்றுகொண்டிருந்தது. தமிழ் நூலைத் தமிழ் எழுத்தில் பதியாத பட்டியலைத் தமிழ் நூலகத்தில் வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

தமிழ்ப் பெயர்களின் சிக்கல் அதோடு தீரவில்லை. புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். கல்கி, ரா. கிருஷ்ணமூர்த்தி. சுஜாதா, ரங்கராஜன். உ.வே. சாமிநாதையரை 'உ'வில் தேடுவதா, 'சா'வில் தேடுவதா? ஒரு நூலகத்தில் ஒரு விதம், அடுத்த நூலகத்தில் இன்னொரு விதம், சில இடங்களில் ஒரே நூலகத்திலேயே இரண்டு விதமும். எந்த விதம் சரி என்று சண்டை போட வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதிலிருந்து "காண்க" என்று ஒரு வரி போடுங்கள். "விருத்தாசலம், சொ. — புதுமைப்பித்தன் காண்க." அவ்வளவுதான்.

இனி, மனம் வருந்தி ஒன்று சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் தேவார ஏடுகள் ஓர் அறையில் பூட்டிக் கிடந்ததாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் போய்த் திறந்து பார்த்தபோது புற்று மூடிக் கிடந்தது. எண்ணெய் ஊற்றிக் கரையானை அகற்றி எடுத்தார்கள். பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. காப்பாற்றுவதற்காகத்தான் பூட்டினார்கள். பூட்டியதால்தான் போயிற்று.

இன்றைக்கும் சில நூலகங்களில் கண்ணாடி அலமாரி, அதற்குப் பூட்டு, சாவி ஒருவரிடம், அவர் விடுப்பில். கண்ணாடி வழியாக முதுகு மட்டும் தெரிகிறது. எடுத்துப் புரட்ட முடியாத புத்தகத்தை வாசகர் எப்படித் தேர்ந்தெடுப்பார்? சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டவர் அரங்கநாதன். திறந்து வைத்தால் திருடு போகுமே என்கிறார்கள். சில போகும். உண்மைதான். ஆனால் நூலகர்மீது நான் குற்றம் சொல்ல மாட்டேன். காணாமல் போன புத்தகத்துக்கு அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்தால், அவர் பூட்டாமல் என்ன செய்வார்? அந்தப் பிடித்தம் ஒழிய வேண்டும். வாசகர்கள் எடுத்துப் புழங்கும் நூலகத்தில் ஆண்டுக்குச் சில புத்தகம் கிழியும், சில தொலையும். அதைச் செலவுக் கணக்கில் எழுதுங்கள், நூலகர் தலையில் எழுதாதீர்கள்.

பூட்டியே வைக்க வேண்டியவையும் உண்டு, மறுக்கவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள் எல்லாம் 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. தொட்டால் நொறுங்கும் தாளை எல்லோரும் புரட்டும்படி திறந்து வைக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் பட்டியல்தான் அலமாரி. பட்டியல் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் ஆராய்ச்சி நடக்கும்.

பெரியவர்கள் கொடையாகத் தருகிற புத்தகங்களைத் தனியாக, அவர்கள் பெயர் போட்ட அலமாரியில் வைக்க வேண்டுமா என்று பல ஊர்களில் தகராறு வருகிறது. மறைமலையடிகள் திரட்டிய நூல்களைக் கொண்டு 1958-இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் அமைத்தார்கள். ஓர் அறிஞர் எதைப் படித்து எதை எழுதினார் என்று அறிய அப்படி ஒரே இடத்தில் இருப்பது தேவை. அதே நியாயம் எல்லாக் கொடைக்கும் பொருந்தாது. ஒரு பெரியவர் ஐம்பது நாவல் தந்தால் அவை நாவலோடு நாவலாகப் போய் நிற்கட்டும். முதல் பக்கத்திலும் பட்டியலிலும் அவர் பெயரை எழுதுங்கள். அவர் புத்தகம் தந்தது நாலு பேர் எடுத்துப் படிக்கத்தானே?

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைக்காமல் இந்தப் பேச்சை என்னால் நிறைவு செய்ய முடியாது. 1959-இல் திறந்த அந்தக் கட்டடத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் நம் அரங்கநாதனும் ஒருவர். 1981-இல் எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. எந்த நூலகமானாலும், அதன் பட்டியலின் ஒரு பிரதி இன்னொரு ஊரில் இருக்க வேண்டும். எதை இழந்தோம் என்றாவது தெரிந்தால்தான் எதை மீண்டும் தேட வேண்டும் என்று தெரியும்.

கடைசியாக, நம் ஊருக்கு வருகிறேன். உங்களிடம் நான் கேட்பது ஓர் அலமாரி. வாசலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், சிறுவருக்கும் முதியவருக்கும் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரே ஓர் அலமாரி. "நம் வட்டாரம்" என்று எழுதி வையுங்கள். 1906-இல் பிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர் அதில் இருக்கட்டும். எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையின் ஆண்டறிக்கைகள் இருக்கட்டும். நெய்வேலி, வடலூர், விருத்தாசலம், பிச்சாவரம் பற்றிய நூல்கள், கோயில்களின் தலபுராணங்கள், பள்ளிக்கூட ஆண்டு மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், ஊர்த் திருவிழா நோட்டீசுகள் எல்லாம் இருக்கட்டும். இரண்டு பிரதி இருந்தால் ஒன்று இங்கே, ஒன்று பொருளுக்குரிய இடத்தில். ஒன்றுதான் இருக்கிறதென்றால் இங்கே வைத்து, அங்கே அந்தக் கெட்டி அட்டையைச் செருகுங்கள்.

மலர்களும் நோட்டீசுகளும் எந்தப் பதிப்பகத்திலும் விலைக்குக் கிடைக்காது. உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன, டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒன்று கொண்டு வாருங்கள். மாணவர்கள் நோட்டில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளட்டும்: தலைப்பு, ஆள், ஊர், பொருள். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய மலரின் புகைப்படத்தில் இருப்பவர் யார், அந்த மதகு எந்த வாய்க்காலுடையது என்று சொல்லட்டும். சொன்னதைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். முதலில் பட்டியலில் ஏற்றுவோம், அதன் பிறகு அலமாரியில் வைப்போம்.